எட்டு என்று சொன்னால் எட்டுதான்

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். என்னிடம் போனில் சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் அழுதாயாம். உன் அம்மா சொன்னாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். என்க்ளெக்ஸ் என்ற அந்த அமெரிக்க நர்சிங் பரீட்சையில் தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அதற்காக வயிற்றைக் காயப்போடலாமா கண்ணு?

நீ அனுப்பிய பயிற்சிக் கேள்விகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதயம், சர்க்கரை எல்லாம் நன்றாகவே செய்திருக்கிறாய். தப்பானதில் பெரும்பாலானவை வலி மருந்து. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுப் பெண் இதில் தவறலாமா?

அந்த ஆபரேஷன் கேள்வியை எடுத்துக்கொள். இரண்டாம் நாள் நோயாளி, போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். வலி எவ்வளவு என்றால் பத்துக்கு எட்டு என்கிறார். மூச்சு 16, ரத்த அழுத்தம் சரி, அடுத்த டோஸுக்கு நேரமும் ஆகிவிட்டது. நீ ‘அரை மணி கழித்து மறுபடி மதிப்பிடுவேன்’ என்று குறித்திருக்கிறாய். சிரிக்கிறவருக்கு எட்டு இருக்காது என்று நினைத்தாயா? நீயே என்னிடம் சிரித்துவிட்டுத்தானே அழுதாய்! மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-லேயே இதை எழுதிவிட்டார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி. எட்டு என்றால் எட்டுதான். மருந்தைக் கொடு.

‘சந்தேகம் வந்தால் முதலில் அசெஸ்மென்ட்’ என்று கோச்சிங்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதி உண்மை. மதிப்பீடு கேள்விக்குள்ளேயே முடிந்திருக்கிறதா என்று முதலில் பார். மூச்சு, அளவு, நேரம் எல்லாம் எழுதியிருந்தால் அடுத்தது செயல்தான். ஒன்றுமே சொல்லாமல் ‘வலிக்கிறது என்கிறார்’ என்று மட்டும் இருந்தால், எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேட்பதுதான் முதல் வேலை.

இன்னொரு கேள்வியும் அப்படித்தான். மார்ஃபின் போன பிறகு மூச்சு 8, தட்டினாலும் கண் திறக்கவில்லை. நலோக்சோன் உத்தரவு கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. நீ டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாய். அவர் வருவதற்குள் அந்த மூச்சு என்ன ஆகும்? மார்ஃபினை நிறுத்து, மூச்சுக்கு உதவு, நலோக்சோனைப் போடு, டாக்டருக்கு ஆள் அனுப்பு. போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. நலோக்சோனின் வேகம் மார்ஃபினுக்கு முன்னால் அடங்கிவிடும். கண் விழித்தவர் மறுபடி மூழ்கலாம். மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடும் என்பதையும் மறக்காதே. எண்ணை மட்டும் பார்க்கிறவளுக்கு அது தெரியாது, முகத்தைப் பார்க்கிறவளுக்குத் தெரியும்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயம். அமெரிக்கர்களுடைய அசிட்டமினோஃபென் நம் பாராசிட்டமால். மெப்பெரிடின் நம் பெத்தடின். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது, சளி மாத்திரைக்குள் ஒளிந்திருப்பதையும் சேர்த்து. நோயாளி தானே வலி மருந்தைச் செலுத்திக்கொள்ளும் பிசிஏ பொத்தானை நோயாளிதான் அழுத்த வேண்டும். பாசத்தில் மனைவி அழுத்தினாலும் தப்பு.

டிஸ்டில்ட் வாட்டர் கேள்விக்கு வருகிறேன். ‘வலி நிஜமா என்று அறிய வெறும் நீரை ஊசியாகப் போடச் சொல்கிறார் டாக்டர், என்ன செய்வாய்?’ நீ ‘உத்தரவுப்படி போடுவேன்’ என்று குறித்திருந்தாய். அதைப் பார்த்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

1987-ல் நான் அதைச் செய்தேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். தீக்காயத்தோடு வந்த பெண், உன்னைவிடச் சின்னவள். ராத்திரியெல்லாம் கத்தினாள். ‘சும்மா கத்துது, தண்ணியப் போடு’ என்றார் பெரிய டாக்டர். போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தேங்ஸ் சிஸ்டர், கொஞ்சம் பரவால்ல’ என்றாள். ‘பாத்தியா, நடிப்பு’ என்றார் அவர். தண்ணீரில் வலி தணிந்தால் அது பொய் வலி என்று நானும் நம்பினேன். அது தவறு, பாப்பா. மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையிலேயே நிஜ வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். ஒரு மணி நேரத்தில் மறுபடி கத்தத் தொடங்கினாள். அதன்பின் யாரும் அவளை நம்பவில்லை, நானும்தான். இன்றும் அந்தக் கைச்சூடு என் மணிக்கட்டில் இருக்கிறது. சரியான விடை: போட மறுத்து, ஏன் என்று டாக்டரிடம் சொல்லி, தேவையானால் மேலே கொண்டுபோவது.

தாத்தாவின் கடைசி மாசத்தைப் பற்றி உன் அம்மா சொல்லியிருப்பாள். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்கவே கட்டுக்கட்டாக லைசென்ஸ் வேண்டியிருந்தது. பல ஆஸ்பத்திரிகள் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள், தாத்தாவுக்குப் பிறகு. கிடைத்த கொஞ்சத்தையும் ‘பழக்கமாயிடும்’ என்று தடுத்தது யார் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. டோஸ் கூடுதலாகத் தேவைப்படுவது வேறு, திடீரென நிறுத்தினால் உடம்பு தவிப்பது வேறு, அடிமையாவது வேறு. மூன்றையும் பரீட்சை தனித்தனியாகக் கேட்கும். நம் வீட்டில் மூன்றையும் ஒன்றாக்கித்தான் அவரைத் துடிக்கவிட்டோம்.

மூன்று வருஷமாக நீ மெடிக்கல் கோடிங்கில் உட்கார்ந்திருக்கிறாய். குற்றம் சொல்லவில்லை, சம்பளம் வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வழி. 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். இல்லை, ஆறு மாசம் இங்கே வந்து ஒரு வலி நிவாரண வார்டில் வேலை பார்த்துவிட்டு எழுதலாம். முடிவு உன்னுடையது. அந்த வார்டு சிஸ்டர் என்னிடம் படித்தவள், உன்னைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை சேரலாம் என்றாள் அந்த சிஸ்டர். 45 நாள் என்றால் அதுவும் சரிதான். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இந்தக் கேள்விகள் எப்படிப் பிடிபடும் என்றுதான் தெரியவில்லை.

நிறையத் திட்டிவிட்டேனோ? நீ கெட்டிக்காரி. நம் குடும்பத்தில் முதல் பி.எஸ்சி. நர்சிங் நீதான், உன் தொப்பி போட்ட போட்டோ இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாஸானாலும் ஆகாவிட்டாலும் அதை எடுக்க மாட்டேன். அதிரசமும் கைமுறுக்கும் உன் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்து சேரும். முதலில் ஒரு வாய் சாதம் சாப்பிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய், அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசு. நான் முழித்துத்தான் இருப்பேன்.

உன்
பெரியம்மா