மியாகோ: ஆறில்லாத தீவின் நீர்வளம்

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், ஒக்கினாவாப் பெருந்தீவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மியாகோ தீவு. பரப்பு சுமார் 159 சதுர கிலோமீட்டர். ஜப்பானை மலைநாடாக அறிந்தவர்க்கு இத்தீவு வியப்பளிக்கும். நிலம் பெரும்பாலும் சமதளம். மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 115 மீட்டர்தான். குறிப்பிடத்தக்க ஆறு ஒன்றுகூட இல்லை.

ஆண்டு மழையளவோ சுமார் 2,000 மில்லிமீட்டர். நீர்ப்பாசனத் தேவையை மழையளவு அட்டவணையை மட்டும் கொண்டு கணிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் மறையவில்லை. அவ்வாறு கணித்தால் மியாகோவுக்குப் பாசனமே தேவையில்லை என்று தோன்றும். உண்மை வேறு. மே, ஜூன் மாதங்களில் பருவமழை பெய்கிறது. பிறகு புயல்களே மழை கொணர வேண்டும். 1966 செப்டம்பரில் வீசிய புயலின்போது இங்கு வினாடிக்கு 85.3 மீட்டர் வேகக் காற்று பதிவாயிற்று. பயிரை அழிக்கும் அப்புயலே விலகிச் சென்றாலும் கேடுதான். 1971-இல் பல மாதங்கள் மழை பொய்த்தது. தீவின் முதன்மைப் பயிரான கரும்பு பேரிழப்புக்குள்ளாயிற்று.

பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி ஆவியாகிறது; பத்தில் ஒரு பங்கே நிலத்தின் மேல் வழிந்தோடுகிறது. எஞ்சிய நாற்பது விழுக்காடு, ஆழமற்ற செம்மண்ணையும் துளைகள் மலிந்த பவளச் சுண்ணாம்புப் பாறையையும் கடந்து கீழிறங்குகிறது. அதனடியில் உள்ள களிப்பாறை நீரை உட்புகவிடாது. அப்பாறையின் பள்ளங்கள் வழியே நீர், கண்ணுக்குத் தெரியாத ஆறாகக் கடலுக்குச் சென்றுவிடும்.

இந்த ஆற்றுக்குத்தான் அணை கட்டப்பட்டது. 1979-இல் மினாஃபுக்குவில் சோதனை அணை முடிவுற்றது. தொடர்ந்து 1993-இல் சுனகாவா அணையும் 1998-இல் ஃபுக்குசாத்தோ அணையும் நிறைவெய்தின. சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துச் சிமெண்ட் கலவையைச் செலுத்தி, களிப்பாறை வரை எட்டும் சுவரை எழுப்பினர். சுனகாவாச் சுவரின் உயரம் 50 மீட்டர். நீளம் 1,677 மீட்டர். பாறைத் துளைகளே நீர்த்தேக்கமாகின்றன. நிலம் மூழ்குவதில்லை, தேக்கத்தின் மேலேயே கரும்பு விளைகிறது. நீரைக் கிணறுகளின் வழியே இறைத்து, மேட்டுநிலத் தொட்டிகளில் ஏற்றி, வயல்களுக்கு அனுப்புகின்றனர்.

எல்லாப் பவளத் தீவுக்கும் இம்முறை பொருந்திவிடாது. நமது இலட்சத்தீவுகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. சுவர் ஊன்றுதற்குரிய களிப்பாறை எட்டும் ஆழத்தில் இல்லை.

மியாகோவிலும் கவலை இல்லாமலில்லை. மழைநீர் இறங்கும் வழியிலேயே உரமும் இறங்குகிறது. மக்கள் குடிப்பதும் நிலத்தடி நீரையே. 1980-களின் இறுதியில் அந்நீரின் நைட்ரேட் அளவு குடிநீருக்குரிய வரம்பை நெருங்கியது. உரப் பயன்பாடு குறைந்த பின்னரே அது படிப்படியாகத் தணிந்தது.