காலடிக் கணக்கும் காலை நாடியும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் மேடுபள்ளங்களில் பல ஆண்டுகள் நடந்து உழைத்தவர்கள் உங்களில் பலர். இன்று பேரப்பிள்ளைகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் உங்கள் காலடிகளை எண்ணுகிறது. பத்தாயிரம் ஆகவில்லையே என்று, களைத்த பிறகும் மேடு ஏற வேண்டுமா? வேண்டாம்.

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. 30 நிமிட விறுவிறுப்பான நடை, ஐந்து நாள் போதும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி செய்பவர்களில் பலர் காலையில் நாடி பார்ப்பதுண்டு. நீங்களும் பார்க்கலாம்:

1. கண்விழித்ததும், எழுவதற்கு முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வையுங்கள்.
2. 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ஒரு வாரம் நாட்காட்டியில் குறித்து வைத்தால் உங்கள் வழக்கமான அளவு தெரியும்.
3. அதைவிட 10 கூடி, களைப்பும் இருந்தால் அன்று ஓய்வெடுங்கள். சில நாள் நீடித்தால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.
4. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

சில இரத்த அழுத்த மருந்துகள் நாடித் துடிப்பைக் குறைக்கும். உங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் வந்தால் உடனே நின்று 999ஐ அழையுங்கள். கடிகாரத்தில் எண் குறைந்தால் நாளை நடக்கலாம். உடம்பு சொல்வதை இன்றே கேளுங்கள்.