நிழல் மறையும் நண்பகல்

நண்பகலை ‘உச்சிப்பொழுது’ என்கிறோம். எனினும், ஞாயிறு நாள்தோறும் உச்சிக்கு வருவதில்லை. இவ்வுண்மையைக் குத்தம்பாக்கத்துச் சிறுவர்க்கு உணர்த்த, பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர்க் கோலே போதும்.

புவியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருத்தலால், ஞாயிறு ஆண்டு முழுதும் வடக்கும் தெற்குமாகப் பெயர்ந்து தோன்றும். 13 பாகை வட அட்சரேகையை ஒட்டிய இவ்வூரின் உச்சியை அஃது ஆண்டில் இருமுறையே கடக்கும். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களையொட்டி, பகல் 12 மணி கடந்த சில நிமிடங்களில், கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இவற்றுக்கு இடைப்பட்ட நாள்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய நாள்களில் வடக்கே விழும். டிசம்பர் 22-இல் அஃது ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் நீளும்.

ஆசிரியர் விடையை முந்திக் கூறலாகாது. சிறுவரே அளந்து குறிக்கட்டும். அளந்து அறிந்த பிள்ளை, பின்னர் எவர் கூற்றையும் ஆராய்ந்தே ஏற்கும்.