நம்மவர் செய்த கொலையும் நமது கடமையும்

கொலை செய்தவன் அந்நியனாக இருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. அவன் நம்மைப் போல் பெயர் கொண்டவனாக, நம் கலிமாவை மொழிந்தவனாக, மார்க்கத்தின் பெயரைச் சொல்லியே கொன்றவனாக இருந்தால் நாவு தடுமாறுகிறது. அத்தருணத்தில் ஒரு முஃமின் என்ன சொல்ல வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? இதற்கு நாம் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்விலேயே வழி இருக்கிறது.

பனூ ஜதீமா நிகழ்ச்சி

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா கூட்டத்தாரை இஸ்லாத்தின்பால் அழைத்து வருமாறு காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அனுப்பினார்கள். இஸ்லாத்தை ஏற்றோம் என்று முறையாகச் சொல்லத் தெரியாத அம்மக்கள், மதம் மாறிவிட்டோம் என்று பொருள்படும் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். காலித் (ரலி) அதை ஏற்கவில்லை. சிலர் கொல்லப்பட்டார்கள்; சிலர் கைதிகளானார்கள். கைதிகளைக் கொல்லும்படி உத்தரவு வந்தபோது, அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) தாமும் கொல்வதில்லை, தம் தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று உறுதியாக மறுத்துவிட்டார்கள்.

செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. இரு கரங்களையும் உயர்த்தி, காலித் செய்த காரியத்திற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அல்லாஹ்விடம் இரண்டு முறை முறையிட்டார்கள். இது புகாரி ஷரீபில் உள்ளது. அத்துடன் நிற்கவுமில்லை. அலி (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்து அந்தக் கூட்டத்தாரிடம் அனுப்பினார்கள். கொல்லப்பட்டவர்களுக்கு இரத்த ஈடும், இழந்த உடைமைகளுக்கு ஈடும், நாய் நீர் குடிக்கும் பாத்திரத்திற்குக் கூட ஈடும் அலி (ரலி) கொடுத்தார்கள் என்றும், மீதமிருந்த பணத்தையும் அவர்களிடமே விட்டு வந்தார்கள் என்றும் சீரா நூல்கள் கூறுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலித் (ரலி) தவறாக விளங்கிச் செய்தார்கள். அநியாயம் செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தவறாக நடந்த கொலைக்கே இந்த நடவடிக்கை என்றால், நாள் குறித்து, இடம் பார்த்து, வணக்கத்தில் இருப்போரைக் கொல்கிறவனை என்னென்பது?

இந்நிகழ்ச்சியில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, சாக்குப் போக்கில்லாமல் விலகிச் சொல்வது. இரண்டு, அநியாயத்திற்குக் கை கொடுக்க மறுப்பது. மூன்று, துயருற்றவர் வாசலுக்குப் போவது.

‘ஆனால்’ என்ற சொல்

நாயகம் (ஸல்) அவர்களின் முறையீட்டில் ‘ஆனால்’ இல்லை. நம் பேச்சில் அது வந்துவிடுகிறது. ‘செய்தது தப்புத்தான், ஆனால் நமக்கும் எத்தனையோ அநியாயம் நடந்திருக்கிறதே’ என்கிறோம்.

நம் தமிழகத்திலேயே கோவையில் நடந்ததைப் பாருங்கள். 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அந்த 18 பேர் காவலரைக் கொன்றவர்கள் அல்லர். அந்த 58 பேர் 18 பேரைக் கொன்றவர்கள் அல்லர். ஒவ்வொரு முறையும் குற்றம் செய்தவன் ஒருவன், உயிர் கொடுத்தவன் வேறொருவன்.

அறியாமைக் கால அரபியரின் வழக்கம் இதுதான். கொன்றவன் கிடைக்காவிட்டால் அவன் கூட்டத்தில் எவனையாவது கொல்வார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கு உரிமை உண்டு, அவனும் வரம்பு மீறலாகாது என்று திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 33-ஆம் வசனம் இவ்வழக்கத்தை அடைத்துவிட்டது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது அல்அன்ஆம் 164-ஆம் வசனம் தரும் சட்டம்.

நவம்பரில் மாண்டவர்களுக்காக நீதி கேட்பது நம் கடமையே. அதை வழக்கு மன்றத்தில் கேட்போம், அரசிடம் கேட்போம். பிப்ரவரியில் மாண்டவர்களின் சடலங்கள் கிடக்கும் இடத்தில் நின்று அதைக் கேட்பது, கொன்றவனுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும்.

கையைப் பிடிப்பதே உதவி

அநியாயக்காரனான சகோதரனுக்கும் உதவி செய்யச் சொன்ன நாயகம் (ஸல்), அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கமும் தந்தார்கள். நமக்கு அண்டை நாடான இலங்கையில் இதற்கு உதாரணம் உண்டு. அபிராமத்திலிருந்து எழுதும் நமக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. வியாபாரத்தாலும் உறவாலும் நம் மாவட்டத்து ஊர்கள் அந்த மண்ணோடு பல தலைமுறையாகப் பிணைந்தவை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகள் பலர். மடாலயங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் காக்கப்படுவதை ஹஜ் அத்தியாயம் 40-ஆம் வசனம் ஒரே வரிசையில் வைத்துக் கூறுகிறது. அந்த வரிசையில் உள்ளதைத் தகர்த்தவன் எந்த மார்க்கத்திற்கு வெற்றி தேடினான்?

இக்கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவனுடைய பேச்சின் போக்கைக் கண்டு முதலில் எதிர்த்து நின்றவர்களும், அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. 2017-இல் அங்கு ஏற்பட்ட மோதலுக்குப் பின் அவன் தலைமறைவானான். குண்டுவெடிப்புக்கு ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது ஐயம் கொண்டு போலீசுக்குச் சொன்னவர்களும் ஊர் மக்களே. இதைக் காட்டிக் கொடுத்தல் என்று சிலர் ஏசக்கூடும். நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி நிற்கும்படி அந்நிஸா அத்தியாயம் 135-ஆம் வசனம் கட்டளையிடும்போது, இது காட்டிக் கொடுத்தல் ஆகாது, சாட்சியம் ஆகும்.

சுமக்க வேண்டாத சுமை

அதே காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மாண்டார்கள். அதற்காகத் தமிழர் ஒவ்வொருவரையும் குற்றவாளி என்பது அநியாயம். 2019 மே மாதம் குருணாகல், மினுவாங்கொடை பகுதிகளில் ஒன்றுமறியாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் அதே அநியாயம். ஸஹ்ரானின் பாவத்தை நாம் சுமக்கவில்லை. அதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. துக்க வீட்டில் முதலில் நம் பேச்சு அவர்களுடைய இழப்பைப் பற்றியதாக இருக்கட்டும். நம்மைப் பற்றியது பிறகு வரட்டும். அலி (ரலி) பனூ ஜதீமாவிடம் விளக்கம் சொல்லப் போகவில்லை. ஈடு கொடுக்கப் போனார்கள்.

வீடுகளில் செய்ய வேண்டியவை

1. இப்படிப்பட்ட செய்தி வந்ததும் மாண்டவர்களுக்காக வருந்துவோம். கொன்றவன் யார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

2. தன்னை மாய்த்துப் பிறரைக் கொன்றவனை ‘ஷஹீது’ என்று வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது. தற்கொலையும் ஹராம், அநியாயக் கொலையும் ஹராம். உடன்படிக்கையில் உள்ள மாற்று மதத்தவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாடையைக் கூட நுகரமாட்டான் என்ற எச்சரிக்கை புகாரி ஷரீபில் உண்டு.

3. பிள்ளைகள் செல்போனில் யாருடைய பயானைக் கேட்கிறார்கள் என்று பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள ஆலிம்கள் எல்லாரும் வழிகெட்டவர்கள், தான் மட்டுமே நேர்வழி என்று பேசுகிறவனிடம் எச்சரிக்கையாயிருங்கள். காரிஜிய்யாக்களின் பேச்சும் இப்படித்தான் தொடங்கியது. தொழுகையிலும் ஓதலிலும் குறைவில்லாத அக்கூட்டத்தவன் ஒருவன்தான் ஹிஜ்ரி 40, ரமலானில் கூஃபாவில் அலி (ரலி) அவர்களை வெட்டினான்.

4. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் மழுப்பாதீர்கள். இது பெரும் பாவம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அங்கேயே முற்றுப்புள்ளி வையுங்கள்.

நம் கைகளாலும் நாவுகளாலும் எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக! அநியாயம் கண்ட இடத்தில், செய்தவன் நம்மவனேயானாலும், அதை அநியாயம் என்று சொல்லும் துணிவை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.