விண்மீன் படித்த மாலுமிகள்

பசிபிக் சமுத்திரத்தின் பொலினேசிய மக்கள் திசைகாட்டியோ வரைபடமோ இன்றித் தீவுக்குத் தீவு பயணித்தவர்கள். விண்மீன்கள் உதிக்கும் இடமும் அலைகளின் போக்கும் பறவைகள் பறக்கும் திசையுமே அவர்களுக்கு வழிகாட்டின. எழுத்தில் இல்லாத இவ்வறிவு, கற்பார் குறைந்ததும் ஹவாயில் மறைந்தது.

1976இல் 'ஹொக்குலேயா' என்னும் இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குச் சென்றது. அதற்கு வழிகாட்ட, மைக்குரோனேசியாவின் சத்தவால் என்ற சிறுதீவிலிருந்து மாவ் பியாய்லுக்கை அழைக்க வேண்டியதாயிற்று. பாட்டனாரிடம் சிறுவயதிலேயே கற்ற அக்கலை தம்மோடு அழிந்துவிடக்கூடாது என்று எண்ணிய அவர், வேற்றுத் தீவினரான ஹவாய் இளைஞருக்கும் அதைக் கற்பித்தார். 1980இல் அவருடைய மாணவர் நைனோவா தொம்சன் அதே கடல்வழியில் கருவிகளின்றித் தோணியை வழிநடத்தினார்.

எழுதப்படாத அறிவுக்குக் கற்பவரே ஏடு. அவர் இல்லையேல் அது ஆசானோடு மண்ணுக்குள் போய்விடும்.