பட்டியலுக்கு வெளியேயும் பாருங்கள்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

மொன்றியலில் விமான மென்பொருள் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்த ரிக்வயர்மென்ட் நிரலின் எந்தப் பகுதியில் நிறைவேறுகிறது, எந்த டெஸ்ட் அதைச் சோதிக்கிறது என்று இணைப்புகளைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. இணைப்புகளின் பட்டியலை டூலே தந்துவிடும்போது 'சரி', 'தவறு' என்று அழுத்த நான் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கட்டாயம் வேண்டும்.

2011-இல் வந்த டிஓ-178சி என்ற விமான மென்பொருள் விதிமுறை, இந்த இணைப்பை இரு திசையிலும் காட்டச் சொல்கிறது. ரிக்வயர்மென்ட் இருந்து நிரல் இல்லையென்றால், கேட்ட வேலை விட்டுப்போயிருக்கிறது. நிரல் இருந்து ரிக்வயர்மென்ட் இல்லையென்றால், யாரும் கேட்காத ஒன்று விமானத்தில் ஏறியிருக்கிறது.

ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையால் தேடி மாளாது என்றுதான் டூல்கள் வந்தன. அதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. மொன்றியல் பொலிடெக்னிக்கின் எத்தோரே மெர்லோ, இத்தாலியில் இருந்த ஜூலியானோ அந்தோனியோல் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2002-இல் எழுதிய கட்டுரை, ஆவணத்தின் சொற்களையும் நிரலில் உள்ள பெயர்களையும் ஒப்பிட்டு இணைப்புகளை மீட்கும் வழியைக் காட்டியது. பின்னர் அந்தோனியோலும் அதே பொலிடெக்னிக்குக்கு வந்து சேர்ந்தார்.

சொல் ஒப்பீட்டின் பலவீனத்தை ஓர் உதாரணத்தில் பாருங்கள். 'லேண்டிங் நேரத்தில் வீல் இறங்காவிட்டால் பைலட்டை எச்சரிக்க வேண்டும்' என்பது ரிக்வயர்மென்ட். அதைச் செய்யும் மெத்தடுக்குப் பெயர் 'கியர் டவுன் செக்'. பொதுவான சொல் ஒன்றுகூட இல்லாததால் டூல் அதைக் கீழே தள்ளிவிடும். 'லேண்டிங் லைட்' என்ற, சம்பந்தமே இல்லாத மெத்தட் மேலே வந்து நிற்கும். மேலே நிற்பதை 'தவறு' என்று தள்ளுவது எளிது. காணாமல் போனதைத் தேடிப் பிடிக்க, விமானம் எப்படி இறங்கும் என்று தெரிந்த மனிதர் வேண்டும்.

ஆனால் மனிதர் பார்த்தாலே சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹேய்ஸ், கலிபோர்னியாவின் அலெக்ஸ் டெக்தியார் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அதில் பங்கேற்றவர்களிடம் இணைப்புப் பட்டியல்களைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். மோசமான பட்டியல் கிடைத்தவர்கள் அதைப் பெரிதும் மேம்படுத்தினார்கள். நல்ல பட்டியல் கிடைத்தவர்களோ, சரியான இணைப்புகளை நீக்கியும் தவறானவற்றைச் சேர்த்தும் பெரும்பாலும் அதைக் கெடுத்தார்கள். டூலின் துல்லியம் கூடினாலும் இறுதிப் பட்டியல் அதே அளவுக்குச் சிறக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே டூலை மட்டும் அளக்காமல், அதோடு உட்கார்ந்திருப்பவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்தக் கவனிப்பும் உங்கள் ஊரில் நடந்திருக்கிறது. 2012-இல் பொலிடெக்னிக் ஆய்வாளர்கள், இணைப்பு தேடுபவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். கிளாஸ் பெயர்களைவிட மெத்தட் பெயர்களிலும் விளக்கக் குறிப்புகளிலும் கண்கள் அதிகம் தங்கின. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு தரலாம் என்பதை அதைக் கொண்டே டூலுக்குக் கற்பித்தார்கள். உங்கள் பார்வையிலிருந்து டூல் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.

இனி நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. 'சரி' என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஏன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்; காரணம் எழுத வரவில்லையென்றால் அந்த இணைப்பை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு ரிக்வயர்மென்ட்டை முடிக்கும் முன், பட்டியலில் இல்லாதது எது என்று உங்களையே கேளுங்கள். களைத்த கண்ணோடு பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். மறுநாள் காலைக்கு வையுங்கள்.

உங்கள் மேலாளரிடமும் பேசுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு என்று இலக்கு வைத்தால், யோசிக்காமல் அழுத்துகிறவரே திறமைசாலியாகத் தெரிவார். அந்த இலக்கை எடுத்துவிட்டு, 'தெரியவில்லை, இன்னொருவர் பார்க்கட்டும்' என்று சொல்ல டூலிலேயே ஒரு பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். சந்தேகத்தைத் தயங்காமல் சொல்லும் உங்களைப் போன்றவரை நம்பித்தான் பயணிகள் விமானம் ஏறுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்