ஏலியின் வீடும் நம்முடைய வீடும்

வேதபாடம்: 1 சாமுவேல் 2:22-25, 3:13



ஏலி தன் குமாரர் செய்ததை அறியாதவன் அல்ல. ஜனங்கள் சொல்லக் கேட்டான், புத்தியும் சொன்னான். ஆனால் அடக்கவில்லை. கர்த்தர் அவன்மேல் கண்ட குற்றம் அதுதான்.

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளுகிற புகையிலைப் பொட்டலத்தைப் பாருங்கள். புகை வராது, வீட்டில் தெரியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தது. 2013-ல் தமிழக அரசு குட்காவைத் தடை செய்தது. அப்படியும் 2024-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கூல் லிப் மாணவரைக் கெடுப்பதைக் குறித்துக் கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. சட்டம் மட்டும் காக்காது, பிரியமானவர்களே.

ஏன் இந்த வயதில் விழுகிறார்கள்? ஆசையைத் தூண்டும் மூளைப்பகுதி சீக்கிரம் வேகம் பிடிக்கிறது. யோசித்து நிறுத்தும் முன்மூளை முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு, வாய்க்காலுக்கு மதகு இன்னும் வைக்கவில்லை என்பதுபோல. அதுவரை பெற்றோரே மதகு. பக்கத்தில் சிநேகிதன் இருந்தால் துணிச்சல் இன்னும் கூடும். அம்னோனைக் கெடுத்த ஆலோசனையும் சிநேகிதன் யோனதாபிடமிருந்துதான் வந்தது (2 சாமு. 13:3-5).

நாம் செய்யவேண்டியது:

1. கவனியுங்கள். உதட்டின் உட்புறத்தில் புண், அடிக்கடி காசு கேட்பது, சிநேகிதர் பெயரைச் சொல்லாமல் மழுப்புவது.

2. அடிக்குமுன் கேளுங்கள். அடிபட்ட பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும்.

3. எல்லை வையுங்கள். பொழுது சாய்ந்தபின் பஸ் ஸ்டாண்டிலும் காவிரிக் கரையிலும் பிள்ளைக்கு என்ன வேலை? தகப்பன்மாரே, உங்களுக்குப் பீடி வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருங்கள்.

4. மறைக்காதிருங்கள். "வெளியே தெரிஞ்சா சாட்சி கெட்டுப்போகுமே ஐயா" என்கிறோம். சாட்சியைக் காப்பாற்றப் பிள்ளையை இழக்கலாமா?

"ஜெபம் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். உபவாசித்து ஜெபிப்போம். ஏலியும் தேவாலயத்தில்தான் இருந்தான். வீட்டில் செய்யவேண்டியதைச் செய்யவில்லை. ஆகவே ஜெபத்தோடு அரசு மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. சபையில் எவன் பிள்ளையாவது அகப்பட்டால் விரல் நீட்டாமல், அந்த வீட்டுக்குப் போய் முழங்காலில் நில்லுங்கள்.

நம்முடைய வாலிபரைக் கர்த்தர் காப்பாராக. ஆமென்.